சர்க்கார் மண்ணில் ஜினியா

விதைப் பொட்டலத்தின் மேல் ‘மிக்ஸ்’ என்று முதன்முதலில் அச்சடித்தவன் யார் என்று தெரிந்தால் தேடிப் போய்ச் சண்டை போடுவேன். சிவப்பு, மஞ்சள், ரோஸ், வெள்ளை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறி, எது முளைக்கிறதோ அதுதான் உன் நிறம் போ என்று கையில் திணிக்கிற அலட்சியம் அது. கேட்டு வருகிறவனுக்கு ஒரு மனசு இருக்கும், அந்த மனசுக்குள் ஒரு நிறம் இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்காதவர்கள் செய்த காரியம். போர்ட் பிளேயர் பஜாரில் வெயில் ஏற ஏறக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் மிக்ஸ்.

கடைசியாக ஒரு ராமநாதபுரத்துப் பாய் கடை. உரமும் வாளியும் கயிறும் கொசுவலையும் விதையும் ஒரே வாசலில் தொங்கும்.

“வெள்ளை ஜினியா தனியா வேணும் பாய். பச்சை தனியா. செங்கல் நிறம் தனியா.”

“பச்சையில பூ கேக்குற மொத ஆளு நீங்கதான் சார். மனுசருக்கா, ஆட்டுக்கா?”

“என் தங்கச்சி கல்யாணத்துக்கு.”

சிரிப்பை அப்படியே வாய்க்குள் போட்டு மென்றார். “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? மெயின்லேண்டுல மச்சான் இருக்கான், சொல்லிவிடுறேன். கப்பல்ல போட்டா ஈரத்துல பூஞ்சை புடிச்சுப்போயிரும். வர்ற ஆள் கையில குடுத்துவிடச் சொல்றேன்.”

என் தங்கைக்கு நாற்பத்து மூன்று வயது. படகில் போகிற இன்னொரு தீவான லாங் ஐலண்டில் பள்ளி ஆசிரியை. அங்கேயே படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஒருவரை, மனைவி இறந்து பல வருடமானவரை, கட்டிக்கொள்ளப் போவதாக டிசம்பர் மழைச் சத்தத்துக்கு நடுவே போனில் சொன்னாள். கைதிகள் குடியேற்றக் காலத்திலிருந்து இந்தத் தீவுகளில் இருக்கும் குடும்பம் அவருடையது. வீட்டில் பேச்சு ஹிந்திதான். ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, பதிவு அலுவலகத்தில், காலையில் கையெழுத்து. மண்டபம் கிடையாது, மேளம் கிடையாது.

“பூ மட்டும் வேணும்ணா. ஆனா ஃப்ளைட் பூ வேண்டாம்” என்றாள்.

இங்கே கல்யாணத்துக்கும் மேடைக்கும் கோயில் விசேஷத்துக்கும் பெரும்பாலும் சென்னையிலிருந்து விமானத்தில் வருகிற பூதான். தெர்மோகோல் பெட்டியில், ஐஸுக்குப் பக்கத்தில் படுத்து, கடலைத் தாண்டி, ஓரம் பழுப்பேறி, பெட்டியின் வாசனையோடு வந்து இறங்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் இதுவே மல்லிகை என்று தெரிந்துகொண்டோம்.

“எனக்குன்னு வந்ததெல்லாம் அங்கேருந்து களைச்சுப்போய்தான் வந்திருக்கு” என்றாள். “முப்பது வயசுல வந்த மாப்பிள்ளை போட்டோகூட நனைஞ்சு, பாதி மூஞ்சி அழிஞ்சுதான் வந்துச்சு. இந்த ஒண்ணாவது இங்கேயே பொறந்து, இங்கேயே விரிஞ்சதா இருக்கட்டும். கையில புடிச்சுக்கற மாதிரி ஒரு கொத்து. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. போர்ட் பிளேயரிலேயே டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் அத்தைக்கு அதுவே அதிகமாகப் பட்டது.

“இந்த வயசுல கொத்து என்னத்துக்குடா? ரெண்டு முழம் தலையில வெச்சுக்கிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வரட்டும்.”

இந்த வயசுல. இந்தச் சொல்லை என் தங்கையைச் சுற்றி எத்தனை பேர் எத்தனை வருடமாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்! இந்த வயசில் ரோஸ் கலர் எதற்கு, இந்த வயசில் தனியாக இன்னொரு தீவில் வேலை எதற்கு, இந்த வயசில் கல்யாணம் எதற்கு. பூவுக்கு வயசு வரம்பு வைத்தவர்கள் யார்? செடி விதைத்த அறுபதாம் நாளில் பூக்கிறது, நூற்று இருபதாம் நாளில் காய்ந்து போகிறது, இடையில் ஒரு நாள்கூட அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பாய் சொன்னபடி விதை ஆள் கையில் வந்து சேர்ந்தது. ஜனவரியில் மழை நின்றதும் மண்வெட்டியை எடுத்தேன்.

டெலானிபூர் சரிவில் எனக்கு அலுவலகம் ஒதுக்கிய குவாட்டர்ஸ். வாசலுக்கு முன்னால் நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் மண், அதற்கப்புறம் சரிவு, சரிவுக்குக் கீழே சாலை, சாலைக்கு அப்பால் கடல். அந்த நாலு எட்டில்தான் எல்லாம். முதலில் விதைத்தது வாடாமல்லி. அது மெதுவான பிறவி, மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். கூடவே கோழிக்கொண்டை, தலை விரிந்த ரகமல்ல, சுடர் மாதிரி கூம்பி நிற்கும் ரகம். ஒரு வாரம் விட்டு ஜினியா. அதற்கும் பின்னால், வேலியோரம் காற்றில் ஆடட்டும் என்று ஆரஞ்சு காஸ்மாஸ். இடைவெளிகளில் திருநீற்றுப்பச்சை, பூங்கதிரோடு சேர்த்து வெட்டினால் கொத்துக்குப் பச்சையும் ஆகும், வாசனையும் ஆகும்.

தங்கையின் புடவை பாக்கு நிறம். அதிலிருந்துதான் நான் எல்லாவற்றையும் கணக்குப் பண்ணினேன். பாக்கு நிறத்துக்குப் பக்கத்தில் செங்கல் நிற ஜினியா வந்தால் இரண்டும் உறவுக்காரர்கள் மாதிரி பேசிக்கொள்ளும். வாடாமல்லியின் ஊதாவை நேராக ஆரஞ்சின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கத்தும். நடுவில் இளம்பச்சை ஜினியாவை உட்கார வைத்தால் இரண்டுமே குரலைத் தாழ்த்தும். வெள்ளை தனியாக நின்றால் ஓட்டை மாதிரி தெரியும், பச்சையோடு நின்றால் வெளிச்சமாகிவிடும். உருண்டைக்கு ஒரு கூர்மை வேண்டும், அதற்குக் கோழிக்கொண்டை. கனத்துக்கு ஒரு காற்று வேண்டும், அதற்குக் காஸ்மாஸ். ஒரு கொத்தில் ஐந்து குணம் போதும். ஆறாவது வந்தால் சந்தை.

பக்கத்துக் குவாட்டர்ஸில் இருக்கும் பெங்காலி அம்மாள், நான் தீதி என்றும் என்னைத் தாதா, அதாவது அண்ணா, என்றும் கூப்பிட்டுக்கொள்கிற உறவு, வேலிக்கு மேலாக எல்லாவற்றையும் கண்காணித்தார். ஜினியா ஒரு சாண் வளர்ந்ததும் நான் ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளி எறிந்தபோது அலறிவிட்டார்.

“அரே தாதா! சிர் காட் தியா! தலையை வெட்டிட்டே!”

நுனி போனால்தான் பக்கத்தில் நாலு கிளை வரும், ஒவ்வொரு கிளையும் நீளத் தண்டோடு பூக்கும் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன்.

“மனுசனுக்கும் அப்படி வருமா, தாதா? எங்க வீட்டுக்காரரை ஒரு தடவை கிள்ளிப் பார்க்கவா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மாசி வெயிலில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வந்தது. அரிசி கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் பூவுக்கு. ஈரம் கண்ட இடத்துக்கு ஆப்பிரிக்க நத்தை வந்துவிடும், ஒவ்வொன்றும் முஷ்டி அளவு. அந்தியில் வாளியில் உப்புத் தண்ணீரோடு குனிந்து குனிந்து பொறுக்குவேன். இடுப்பு போயிற்று. இடுப்பு போனால் போகட்டும், மார்ச் கடைசியில் அந்த நாலு எட்டு மண் பூத்துப் பற்றிக்கொண்டது. சாலையில் போகிற ஆட்டோக்கள் மெதுவாகப் போயின.

இங்கேதான் என் தவறைச் சொல்ல வேண்டும். இந்தத் தீவுகளில் ஒரு பழக்கம் உண்டு, எதை வைத்திருந்தாலும் மெயின்லேண்டிலிருந்து வந்ததா என்று கேட்பார்கள். இல்லை, இங்கேயே விளைந்தது என்று சொல்கிற சுகத்துக்காக நாங்கள் எதையும் செய்வோம். அந்தச் சுகத்துக்காக ஒரு நாள் முதல் பூக்களில் பத்துப் பன்னிரண்டை ஜாடியில் வைத்து ஆபீஸ் மேஜைக்கு எடுத்துப் போனேன். “ஃப்ளைட்ல வந்ததா சார்?” “இல்லை, என் வாசல்ல.” யாரோ படம் எடுத்தார்கள். குவாட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். வீட்டு எண்ணையும் சேர்த்து நானே பதில் எழுதினேன், கைகூப்பும் படத்தோடு.

கல்யாணத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கு என்று நாள் எண்ணி வைத்திருந்த பூக்கள் விரிந்துகொண்டிருந்தன. மதியம் பன்னிரண்டு மணிக்கு தீதி போன் செய்தார்.

“தாதா, ஜல்தி வா. உன் பூவை வெட்டுறாங்க.”

சரிவில் ஓடினேன். ஐம்பதைத் தொடப் போகும் ஒருவன் ஓடுவதை டெலானிபூர் முழுக்க வேடிக்கை பார்த்தது. என் வாசலில் ஒரு ஜீப். இரண்டு ஆட்கள், கையில் அரிவாள். நடுவில் குவாட்டர்ஸ் பராமரிப்பைப் பார்க்கும் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி, என்னைவிடப் பத்து வயசு சின்னவர், மதுரைப் பக்கத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவர்.

“என்ன பண்றீங்க?”

“கோச்சுக்காதீங்க சார். விஐபி மூவ்மென்ட். டில்லிலேருந்து பெரியவர் வர்றார், மூணு மணி ஃப்ளைட். பொக்கேக்குப் பூ புக் பண்ணியிருந்தோம். காலையில வந்த ஃப்ளைட்ல லோடு ஜாஸ்தின்னு பெட்டிய இறக்கிவிட்டுட்டாங்க. அப்பதான் உங்க போட்டோ ஞாபகம் வந்துச்சு.”

“இது என் தங்கச்சி கல்யாணத்துக்கு வளர்த்தது. வெள்ளிக்கிழமை கல்யாணம்.”

“வெள்ளிக்கு இன்னும் மூணு நாள் இருக்கே சார்.”

“எத்தனை நாள் இருந்தா என்ன? என்னைக் கேக்க வேண்டாமா?”

அவர் உண்மையிலேயே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அதில் திமிர்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. “குவாட்டர் சர்க்காரி, சார். மிட்டி பீ சர்க்காரி. அதுல மொளச்சது உங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

வீடு சர்க்கார் கொடுத்தது. மண் சர்க்காருடையது. சரி. அரிசி கழுவின தண்ணீர் யாருடையது? குனிந்த இடுப்பு யாருடையது? நாற்பத்து மூன்று வருடத்தில் முதன்முதலாக ஒருத்தி வாய் திறந்து கேட்ட கொத்து எந்த ஃபைலில் இருக்கிறது? இதையெல்லாம் கேட்டேனா என்றால், பாதி கேட்டேன், பாதி மூச்சு வாங்கியது. அதற்குள் அரிவாள் தன் வேலையை முடித்திருந்தது.

வெட்டியதைச் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில், தண்டு துவண்டிருக்கும் நேரத்தில், சாண் நீளம்கூட இல்லாமல், தண்ணீரில்லாத பிளாஸ்டிக் டப்பில். நேற்றுதான் விரிந்த பெரிய பெரிய பூக்களாகப் பார்த்து. ஜினியாவின் கழுத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். தலை தொளதொளவென்று ஆடினால் அது இன்னும் தயாராகவில்லை, வெட்டினால் தொங்கிவிடும். விறைத்து நின்றால்தான் வெட்டலாம். இது தெரிய அதிகாரம் வேண்டாம், ஒரு நிமிடப் பொறுமை போதும். அவர்களுக்குக் கண்ணைப் பறிக்கிற நிறம் போதுமாயிருந்தது. செங்கல் நிறத்தில் ஒன்றுகூட விடவில்லை. வேலியோரக் காஸ்மாஸில் விரிந்தது எதுவும் மிஞ்சவில்லை.

“அந்தப் பச்சை?” என்றார் ஓர் ஆள்.

“அது இன்னும் பழுக்கலபோல. விடு” என்றார் அதிகாரி. “வெள்ளையும் வேண்டாம். விதவை மாதிரி இருக்கு. வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் மெயின்லேண்ட்ல பொணத்துக்குப் போடுறது, அதைக் கொண்டுபோய் நீட்டினா என் வேலை போயிரும்.”

ஜீப் போன பிறகு நான் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். தீதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மிதிபட்டுக் கிடந்த தண்டுகளைப் பொறுக்கி வேலியோரம் ஒதுக்கினார்.

மறுநாள் ஆபீஸில் அதிகாரி என்னைத் தேடி வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று எழுந்து நின்றேன், இப்போது நினைத்தால் எனக்கே வெட்கம்.

“என்ன சார் பூ போட்டிருக்கீங்க? ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் லேட். பெரியவர் இறங்கி வர்றதுக்குள்ள எல்லாம் தலையத் தொங்கப் போட்டுடுச்சு. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. அடுத்த தடவை கொஞ்சம் நல்ல குவாலிட்டியா போடுங்க சார்.”

அடுத்த தடவை! நான் என்ன பதில் சொன்னேன் என்பது அலுவலகத்தில் இப்போதும் பேச்சு. நல்ல தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடித்தேன் என்கிறார்கள்.

அன்று சாயங்காலம் தங்கை லாங் ஐலண்ட் படகில் வந்து இறங்கினாள். படகுத்துறையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். ஆட்டோவில் வரும்போதும் கொட்டினேன். வீட்டு வாசலில் அவள் பையைக்கூட இறக்காமல் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு ஒரு தரம் மடங்கியது. அவ்வளவுதான், ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

அத்தை முன்பே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள். “நான் அப்பவே சொன்னேன். இப்பவும் ஒண்ணும் கெடலை, நாளைக்கு ஃப்ளைட்ல மல்லி சொல்லிருவோம். இந்த வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? சாவு வீட்டுக்கா போறே?”

“அத்தை, நான் செத்தா நீங்க மல்லியே போடுங்க. இப்ப நான் கல்யாணத்துக்குப் போறேன்” என்றாள் தங்கை.

நான் மனு எழுதிக்கொண்டிருந்தேன். மேலதிகாரிக்கு, அவருக்கு மேலதிகாரிக்கு, அவருக்கும் மேலே. வெள்ளிக்கிழமை காலையிலேயே நேரில் கொடுத்துவிட்டு அங்கிருந்து நேராகப் பதிவு அலுவலகத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னேன். அவள் பேனாவைப் பிடுங்கினாள்.

“அண்ணா, நீ எனக்காகக் கோபப்படுறேன்னு நெனச்சு உன் கோபத்துக்கே ஒரு கல்யாணம் பண்ணிட்டிருக்கே. பூவை வெட்டினது உன் வாசல்ல. கல்யாணம் எனக்கு. காலையில என்கூட இருக்கியா, இல்லை ஆபீஸ் ஆபீஸா அலையப் போறியா?”

எனக்குக் கோபம் அவள் மீதும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். எனக்குள் மூன்று மாதமாக ஒரு கொத்து இருந்தது. செங்கல், பச்சை, வெள்ளை, ஊதா, நடுவே ஆரஞ்சுக் காற்று. அந்தக் கொத்து இனி உலகத்தில் கிடையாது. அதற்காக யாராவது எங்காவது பதில் சொல்ல வேண்டாமா? இருந்தாலும் மனுவை மடித்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை வெயில் வருமுன் இருவரும் இறங்கினோம். பனி ஈரத்தில் தண்டுகள் விறைத்திருந்தன. கழுத்தை ஆட்டிப் பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் பழுக்கவில்லை என்று விட்ட பச்சை ஜினியாக்கள் கம்பி மாதிரி நின்றன. வெள்ளையும். செவ்வாயன்று மொட்டாக இருந்ததால் தப்பித்த காஸ்மாஸ் கொஞ்சம் விரிந்திருந்தது. இலைகளைக் கீழ்ப்பாதியில் உருவி, வாளித் தண்ணீரில் கழுத்துவரை முக்கிவைத்தோம். பிறகு அவள் கட்ட உட்கார்ந்தாள்.

முதலில் எடுத்தது வாடாமல்லி, கை நிறைய. அதன் மேலேயே ஆரஞ்சு காஸ்மாஸை நேராகச் செருகினாள்.

“ரெண்டும் கத்தும்மா. நடுவுல பச்சை வை.”

“கத்தட்டும்.”

“புடவைக்கு ஒத்துப் போகாது.”

“நான் இருபது வருசமா எல்லாத்துக்கும் ஒத்துத்தான் போனேன்” என்று சொல்லி, கோழிக்கொண்டையை அதற்கு மேலே சுடர் சுடராக நட்டாள். பச்சையும் வெள்ளையும் வெளியே, ஒரு வேலி மாதிரி. திருநீற்றுப்பச்சைக் கதிர் இரண்டு. என் ஐந்து குணமும் இல்லை, கணக்கும் இல்லை. நான் கட்டியிருந்தால் அது பார்க்க அழகாக இருந்திருக்கும். இது அவள் கையில் ஏறியதும் பேச ஆரம்பித்தது, நிறுத்தவேயில்லை.

பதிவு அலுவலகத்தில் மாப்பிள்ளை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். கொத்தைப் பார்த்துவிட்டு, “யே சப் பையா கே கர் கா?” என்று என்னைக் காட்டிக் கேட்டார். ஆமாம், அண்ணன் வீட்டில் பூத்ததுதான் என்று அவள் ஹிந்தியில் சொன்னாள். கையெழுத்துப் போடும்போது அவர் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டார், இரண்டு கையாலும், திருகினால் கழன்றுவிடும் ஏதோ எஞ்சின் பாகம் மாதிரி, அசையாமல். அத்தை மூலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “பாக்க நல்லாத்தாண்டா இருக்கு. இருந்தாலும் மல்லி…” என்றாள். யாரும் திரும்பவில்லை.

தங்கை லாங் ஐலண்டுக்குப் போய் இருபது நாள் கழிந்தது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு ஜினியாத் தண்டும் பக்கத்துக்கு இரண்டாகக் கிளைத்து, ஒரே சமயத்தில் பூத்தது. அந்த மாதிரி நான் பார்த்ததில்லை. செங்கல் நிறம் வேலியைத் தாண்டி வழிந்தது. எந்த ஒரு காலைக்காக விதைத்தேனோ அந்தக் காலை போன பிறகு, வெட்கமே இல்லாமல், வாரி வாரிப் பூத்தது. ஒவ்வொரு நாளும் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. போனில் அவளிடம் சொன்னேன்.

“வெட்டாதே. விதைக்கு விடு” என்றாள். “செங்கலைத் தனியா எடு, பச்சையைத் தனியா எடு, மிக்ஸ் பண்ணிடாதே. மழை நின்னதும் இங்கே ஸ்கூல் முன்னாடி போடணும். எனக்குப் பூ வேணும்னு இனிமே யாருகிட்டயும் சொல்லி அனுப்ப மாட்டேன்.”

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரி ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினார். பூக்களைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தீங்களா சார்? அன்னைக்கு நாங்க வெட்டிவிட்டதாலதான் இப்ப இப்படிப் பூத்திருக்கு. எங்களுக்கு நீங்க தேங்க்ஸ் சொல்லணும்.”

கொடுமை என்னவென்றால், அது உண்மை. செடி சாஸ்திரப்படி அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அநியாயம் செய்தவனின் கையில் இப்படி ஓர் உண்மையைக் கொண்டுபோய் வைக்கிற பூச்செடிகள் மீதே எனக்கு ஆத்திரம் வந்தது.

“நாளைக்கு என் பொண்ணுக்குப் பொறந்த நாள் சார். ஒரு பத்துப் பூ எடுத்துக்கவா?”

கேட்கிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை இந்தக் கேள்வியை அவர் கேட்டிருந்தால், என் தங்கை கொத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை நானே கழுத்து பார்த்து வெட்டி, தண்ணீரில் வைத்துக் கொடுத்திருப்பேன். டில்லிப் பெரியவர் முன்னால் ஒரு பூகூடத் தொங்கியிருக்காது.

“விதைக்கு விட்டிருக்கு” என்றேன்.

“இவ்வளவும் விதைக்கா சார்?”

“இவ்வளவும்.”

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். குழந்தையைச் சொல்லிக் கேட்டவரிடம் இல்லை என்பது சின்னத்தனம்தான். எனக்குத் தெரியும். ஸ்கூட்டர் சரிவில் இறங்கித் திரும்பும் வரை வாசலிலேயே நின்றேன், ஒரு பூவைக்கூடக் கொடுக்கவில்லை.